லயம், லயன், லைன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் மலேசியாவில் உள்ள சுங்கை சிப்புட். ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு காலத்தில் ஊரை விட்டு எந்தப் பக்கம் போனாலும் ரப்பர்த் தோட்டம்தான். இப்போது பெரும்பாலும் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை. நான் பிறந்தது தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களுக்கு ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய வீட்டில். படித்ததும், பிறகு பாடம் சொல்லிக் கொடுத்ததும் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில். ஓய்வு பெற்ற பிறகும் பிள்ளைகள் வருகிறார்கள், பெற்றோர் வருகிறார்கள், ஒட்டுக்கடையில் டீ குடிக்கும்போது பழைய மாணவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். அவர்கள் அதிகம் கேட்பது ‘லைன்’ என்ற சின்ன ஆங்கிலச் சொல்லைப் பற்றித்தான். நாம் பிறந்த வீட்டுக்குப் பெயர் அதிலிருந்து வந்ததால் அந்த ஆர்வம் எனக்குப் புரிகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

சார், ‘லயன் வீடு’ என்றால் சிங்க வீடா?

இதை முதலில் கேட்டவன் நான்காம் ஆண்டு படித்த ஒரு பையன். ‘என் பாட்டி வீடு’ என்று படம் வரையச் சொன்னேன். நீளமான ஒரு வீடு, வரிசையாக ஆறு கதவு, கூரைமேல் பிடரி மயிரோடு ஒரு சிங்கம். பாட்டி ‘லயன் வீடு’ என்று சொல்லியிருக்கிறார். பள்ளியில் ஆங்கிலப் பாடத்தில் ‘லயன்’ என்றால் சிங்கம். இரண்டையும் அவன் சேர்த்துவிட்டான். அவன் யோசித்ததில் தப்பே இல்லை. அந்தப் படத்தைப் பல வருடம் பத்திரமாக வைத்திருந்தேன்.

சிங்கத்துக்கும் லயத்துக்கும் உறவு கிடையாது. சிங்கத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் லத்தீனில் ‘லியோ’, கிரேக்கத்தில் ‘லியோன்’ என்று இருந்ததிலிருந்து வந்தது. நம் வீட்டுப் பெயர் ‘லைன்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. காதில் விழும்போதுதான் இரண்டும் ஒன்றுபோல இருக்கின்றன.

அப்படியென்றால் ‘லைன்’ என்ற சொல்லுக்கு முதல் பொருள் என்ன? கோடா, வரிசையா?

இரண்டும் இல்லை. நூல்.

லத்தீனில் ‘லீனும்’ என்று ஒரு செடிக்குப் பெயர். நீலப் பூப் பூக்கும். தண்டிலிருந்து நார் எடுத்து நூல் திரிப்பார்கள். அந்த நாரில் நெய்த துணிதான் லினன். குளிர்ந்த நாட்டுப் பயிர் என்பதால் நம் பக்கம் வயலில் பார்க்க முடியாது. ஆனால் அதன் விதையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உடம்புக்கு நல்லது என்று சொல்லி இப்போது எல்லாக் கடையிலும் பொட்டலம் போட்டு விற்கும் ஆளி விதை அதுதான். ‘லீனும்’ செடியின் நூல் ‘லீனியா’. அந்த ‘லீனியா’ பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதற்கு முன்பே பழைய ஆங்கிலத்தில் கயிறு, வரிசை என்ற பொருளில் ‘லீன’ என்று ஒரு சொல் இருந்தது. இரண்டும் கலந்து இன்றைய ‘லைன்’ ஆனது.

இந்த இடத்தில் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. பழந்தமிழில் ‘ஆளி’ என்றால் சிங்கம் என்றும் பொருள் உண்டு. கோயில் தூணில் நிற்கும் யாளியும் அதுதான். தற்செயலாக ஒத்துப்போன சொல்தான், வேறு தொடர்பு கிடையாது. ஆனாலும் கூரைமேல் சிங்கம் வரைந்த அந்தப் பையனைத் திரும்பப் பார்த்தால் இதைக் கட்டாயம் சொல்வேன்.

நூல் எப்படிக் கோடு ஆனது?

தச்சரைக் கேளுங்கள், கொத்தனாரைக் கேளுங்கள். நேர்க்கோடு வேண்டுமென்றால் அவர்கள் பென்சிலைத் தேடுவதில்லை. இரண்டு முனையில் ஆணி அடித்து, நூலை இழுத்துக் கட்டி, அதை ஒட்டி வேலை செய்வார்கள். இல்லாவிட்டால் சுண்ணாம்பு தடவிய நூலை மரத்தின்மேல் இறுக்கிப் பிடித்து, நடுவில் தூக்கிவிட்டால் ‘டப்’பென்று வெள்ளைக்கோடு விழும். நூலை எடுத்த பிறகும் அதன் தடம் நிற்கிறது இல்லையா, அதற்கும் நூலின் பெயரையே வைத்தார்கள். ‘லைன்’ கோடு ஆனது இப்படித்தான்.

தமிழில் இதே நூல் வேறு பக்கம் போனது. நமக்கு நூல் என்றால் புத்தகம். ஏன் அப்படிப் பெயர் வந்தது என்று நன்னூலில் பவணந்தி முனிவர் காரணம் சொல்கிறார்: மரத்தின் கோணலைத் தச்சன் நூல் தீர்ப்பதுபோல, மனத்தின் கோணலைத் தீர்ப்பது நூல். வடமொழியில் ‘சூத்திரம்’ என்பதற்கும் முதல் பொருள் நூலிழைதான். ஆங்கிலேயரும் எழுத்தின் ஒரு வரியை ‘லைன்’ என்கிறார்கள்.

என் அப்பா வெளிக்காட்டு வேலை செய்தவர். ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட காலத்தில் ‘லைனிங்’ வேலைக்குப் போவார். லைனிங் என்றால் கன்று நடும் இடத்தைக் குறிப்பது. ஒரே அளவில் முடிச்சுப் போட்ட கயிற்றை இரண்டு பேர் இழுத்துப் பிடிக்க, முடிச்சு விழும் இடத்தில் மூன்றாவது ஆள் குச்சி ஊன்றிக்கொண்டே போவார். செம்பனையை 9 மீட்டர் முக்கோணத்தில் நட்டால் ஒரு ஹெக்டேருக்கு 140 மரத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். வீட்டுக்கு வரும்போது அப்பாவின் உள்ளங்கையில் கயிறு அறுத்த தடம் சிவப்பாக இருக்கும். அம்மா தேங்காய் எண்ணெய் தடவிவிடுவார். லத்தீன் ‘லீனியா’வைப் பற்றிப் பிற்காலத்தில் படித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தத் தடம்தான்.

அது சரி, வீட்டுக்கு ஏன் அந்தப் பெயர்?

பட்டாளத்திலிருந்து வந்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் சிப்பாய்களுக்குக் கூடாரமோ குடிசையோ போட்டால் வரிசை வரிசையாகப் போடுவார்கள். அந்தக் குடியிருப்புக்கு ‘லைன்ஸ்’ என்று பெயர். வெள்ளைக்கார அதிகாரிகள் இருந்த பகுதி ‘சிவில் லைன்ஸ்’; டில்லியில் இன்றும் அந்தப் பெயரில் ஓர் இடம் இருக்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம், பினாங்கில் ‘சிப்பாய் லைன்ஸ்’ என்று ஒரு சாலையே உண்டு. சிங்கப்பூரிலும் ஊட்ரம் பக்கத்தில் அதே பெயர் வழங்கியது.

தோட்டம் திறந்த துரைமார்கள் அதே மாதிரியைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒரே கூரை, ஒரே நீளம், சுவரைத் தடுத்துத் தடுத்து அறைகள். பழைய ஆங்கில ஆவணங்களில் இதை ‘கூலி லைன்ஸ்’ என்று எழுதியிருப்பார்கள். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தை நாம் ‘பெரட்டு’ என்கிறோமே, அதுவும் ‘பரேட்’ என்ற பட்டாளச் சொல்தான். குடியிருப்புக்கும் பட்டாளப் பெயர், வேலைக்கு நிற்கும் இடத்துக்கும் பட்டாளப் பெயர். இது எனக்கு வெறும் சொல்லாராய்ச்சியாகப் படுவதில்லை. நம் முன்னோரை எப்படி எண்ணி, எப்படி நிறுத்தி, எப்படிப் படுக்க வைத்தார்கள் என்பது இந்த இரண்டு சொல்லில் அப்படியே இருக்கிறது.

எங்கள் ஊருக்கு இதில் இன்னொரு பங்கும் உண்டு. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து, கம்யூனிஸ்டுப் போராளிகளை அடக்க பிரிட்டிஷ் அரசு அறிவித்த அவசரகாலம் வந்தது. 1960 வரை நீடித்தது. அந்த வருடங்களில் பல தோட்டங்களில் தள்ளித் தள்ளி இருந்த லயங்களை ஓரிடத்தில் கூட்டி, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டார்கள். சாயங்காலத்துக்குப் பிறகு வெளியே வர முடியாது. என் பாட்டி அந்தக் காலத்தைப் பேசும்போதெல்லாம் ‘கம்பிக்குள்ள இருந்தப்ப’ என்றுதான் தொடங்குவார்.

பிற்பாடு சட்டம் வந்தது. தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் என்ன என்று சொல்வது 1990ஆம் ஆண்டுச் சட்டம், 446ஆம் எண். அதைத் திருத்தியது 2019இல். தோட்ட அலுவலகங்களில் தொழிலாளர் குடியிருப்புக்கு இன்றும் ‘லைன் சைட்’ என்றுதான் பெயர். நான் சின்னப் பையனாக இருந்தபோது வாரம் ஒருமுறை டிரசர் (தோட்டத்து மருத்துவ உதவியாளர்) லயம் பார்க்க வருவார். அவர் வருகிறார் என்றால் முந்தின நாளே வாசல் நடையான அஞ்சடியைக் கழுவி, கால்வாயைக் கூட்டி, கோழியை அடைத்துவிடுவோம்.

குதிரை லாயத்திலிருந்துதான் ‘லயம்’ வந்தது, மனுசனைக் குதிரைபோல அடைத்ததால் அந்தப் பெயர் என்று மேடையில் பேசுகிறார்களே?

நானும் கேட்டிருக்கிறேன். பேசுகிறவரின் கோபம் நியாயமானது. ஆனால் சொல் அங்கிருந்து வரவில்லை. குதிரை கட்டும் இடம் ‘லாயம்’, நெடில். நம் வீடு ‘லயம்’, குறில். ‘லைன்’ என்று ஆங்கிலக் காகிதங்களில் வருவதும், அதே வீட்டை ‘லயன்’ என்று மக்கள் சொல்வதும் பக்கத்தில் பக்கத்தில் கிடைக்கும்போது, லாயத்தைத் தேடிப் போகத் தேவையே இல்லை. இலங்கை மலையகத்திலும் இதே வீட்டுக்கு லயம், லயன் என்றே பெயர். அங்கும் அதே ஆங்கிலச் சொல்தான்.

இன்னொன்றும் உண்டு. பட்டாள முகாமில் குதிரைகளை வரிசையாகக் கயிற்றில் கட்டும் இடத்துக்கும் ஆங்கிலத்தில் ‘லைன்ஸ்’ என்றுதான் பெயர். சிப்பாய்க்கும் குதிரைக்கும் ஒரே சொல். ஆகவே மேடையில் பேசுகிறவர் சொல்லின் வேரைத் தவறாகச் சொன்னாலும், அவர் தொட்ட புண் பொய்யில்லை. இருந்தாலும் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது சரியான வேரைச் சொல்லுங்கள். நம் வீட்டுக்கு நாமே தொழுவத்தின் பெயரைப் பூட்டிக்கொள்ள வேண்டாம். பாட்டிமார்கள் தினமும் சாணி தெளித்துக் கோலம் போட்ட வாசல் அது.

‘லைன்’ எப்படி ‘லயம்’ ஆனது? எப்படி எழுதினால் சரி?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது.

முதல் படி: ‘லைன்’ என்பதைச் சொல்லிப் பாருங்கள். ‘லய்ன்’ என்று வரும். ‘ய்’யும் ‘ன்’னும் அடுத்தடுத்து முட்டுவது தமிழ் நாக்குக்கு வராது, நடுவில் ஒரு அகரத்தை விட்டுக்கொள்கிறோம். ‘லயன்’ ஆகிவிடுகிறது.

இரண்டாவது படி: கடைசி ‘ன்’ ‘ம்’ ஆனது. இது நமக்குப் பழக்கமான வழிதான். அறம், அறன், நிலம், நிலன், கலம், கலன். இலக்கணத்தில் இதைக் கடைப்போலி என்பார்கள். அங்கே ‘ம்’ இருந்த இடத்தில் ‘ன்’ வந்தது, இங்கே ‘ன்’ இருந்த இடத்தில் ‘ம்’ வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியின் நாக்கு இலக்கணப் புத்தகத்தில் இருக்கும் அதே தடத்தில் போயிருக்கிறது.

மூன்றாவது படிதான் அழகு. மரம் என்றால் மரத்தில், மரத்துக்கு, மரங்கள். குளம் என்றால் குளத்தில், குளத்துக்கு. அதே மாதிரி லயத்தில், லயத்துக்கு, லயங்கள், லயத்துப் பிள்ளைகள். ‘அத்து’ என்ற சாரியையை ஏற்றுக்கொண்ட பிறகு ஒரு சொல்லை இரவல் சொல் என்று சொல்வது கஷ்டம். ‘பஸ்’ இன்னும் பஸ்ஸில்தான் போகிறது. ‘லயம்’ தமிழ்ச் சொல்போலவே நடக்கிறது.

ஆகவே எழுதும்போது லயம், லயங்கள், லயத்து வீடு என்று எழுதலாம். ‘லயன் வீடு’ என்பதும் பேச்சில் நிலைத்துவிட்டது, தப்பில்லை. ல-வில் சொல் தொடங்கக்கூடாது என்று ‘இலயம்’ எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். இலக்கணப்படி சரிதான், ஆனால் தோட்டத்தில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. நான் எழுதமாட்டேன்.

சுருதி, லயம் என்கிறோமே, அந்த லயமா?

இல்லை. அது வடமொழிச் சொல். ஒன்றிப்போவது, தாளத்தின் ஓட்டம் என்று பொருள். எழுத்து மட்டும் ஒன்று.

‘லேன்’ என்பதும் இதே சொல்லா?

அதுவும் இல்லை. ‘லேன்’ குறுகலான சந்து. பழைய ஆங்கிலத்திலேயே இருந்த தனிச் சொல். மலாயில் லோரோங் என்பது அதற்கு நெருக்கம்.

வீட்டு வரிசை ஆங்கிலம் என்றால், மர வரிசைக்கும் ஆங்கிலம்தானே சொல்லியிருக்க வேண்டும்?

அங்கேதான் விஷயம் இருக்கிறது. சொல்லவில்லை. ரப்பர் மர வரிசைக்குத் தோட்டத்து மக்கள் சொன்னது ‘நிரை’. பால் வெட்டுகிறவர் ஒவ்வொருவருக்கும் நானூறு ஐந்நூறு மரம் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். அம்மா ‘என் நிரை’ என்பார். ‘இன்னும் ரெண்டு நிரை இருக்கு, நீ மங்கு தொடைச்சுக்கிட்டே வா’ என்பார். மங்கு என்பது மரத்தில் பால் வடியும் கிண்ணம். பள்ளி விடுமுறையில் நானும் அவர் பின்னால் போய் மங்கு துடைத்திருக்கிறேன். தலையில் கட்டிய விளக்கு ஒவ்வொரு மரமாக நகர்ந்து போகும்.

நிரை சாதாரணச் சொல் இல்லை. சங்கப் பாடல்களில் மாட்டு மந்தை ‘ஆநிரை’. யாப்பில் அசை இரண்டே வகை: நேர், நிரை. ஓர் எழுத்து தனியாக நின்றால் நேர். குறில் ஒன்று முன்னே வந்து இரண்டு எழுத்து சேர்ந்து நடந்தால் நிரை. தமிழ்ச் செய்யுள் முழுவதையும் அளக்கும் சொல்லை, பள்ளிக்கே போகாத என் அம்மா ஆண்டுக்கணக்காக விடிகாலை இருட்டில் மரத்துக்கு மரம் சொல்லிக்கொண்டு நடந்தார்.

ஏன் மரத்துக்கு நிரை, வீட்டுக்கு லைன்? நான் நினைப்பது இது: வீட்டு வரிசைக்குப் பெயர் வைத்தது ஆபீசு. வரைபடத்தில் கோடு போட்டு, எண் கொடுத்து, ‘நீ மூணாம் லைனு’ என்று ஆபீசு எழுத்தரான கிராணி சொன்னதை மக்கள் வாங்கிக்கொண்டார்கள். மரத்துக்குப் பெயர் வைத்தது வெட்டியவர்கள். தினமும் கையால் தொட்ட ஒன்றுக்கு அவர்கள் யாரிடமும் பெயர் கேட்கவில்லை.

ரப்பர் போனதோடு நிரையும் நம் வாயிலிருந்து போய்க்கொண்டிருக்கிறது. 1877இல் சிங்கப்பூருக்கு வந்த கன்றுகளில் சில பக்கத்து ஊர் கோலகங்சாரில் நடப்பட்டன. அதில் ஒரு மரம் இன்றும் வேலிக்குள் நிற்கிறது. மரத்துக்கு வேலி போட்டுக் காப்பாற்றலாம். நிரை என்ற சொல்லைப் பிள்ளைகளிடம் சொன்னால்தான் உண்டு.

ரவிக்கைக்கு ‘லைனிங்’ வைக்கிறார்களே, அதில் கோடு எங்கே இருக்கிறது?

கோடு இல்லை. ஆனால் ஆங்கிலத்தில் ‘லைன்’ என்ற சொல்லின் பிறந்த வீட்டுக்கு மிக அருகில் இருப்பது இந்த லைனிங்தான்.

அந்தக் காலத்தில் உடுப்புக்கு உள்பக்கம் வைத்துத் தைத்தது லினன் துணி. லினன் வைப்பதற்கே ‘லைன்’ என்று பெயர். இப்போது உள்துணி பருத்தியாக இருக்கலாம், பாலியஸ்டராக இருக்கலாம், பெயர் மாறவில்லை. எங்கள் வீட்டுக்கு எதிரில் தையல் கடை வைத்திருக்கும் அக்காவிடம் இதைச் சொன்னேன். அவர் மெஷினை நிறுத்திவிட்டு, தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையை உள்பக்கம் திருப்பிப் பார்த்தார். பட்டின் உள்ளே வெள்ளைத் துணி, ஓரத்தில் பிரிந்து நிற்கும் நூல். ‘அப்ப நான் முப்பது வருஷமா இதத்தான் தச்சுக்கிட்டு இருக்கேனா?’ என்றார்.

ஆக, அப்பாவின் லைனிங் வேறு, அக்காவின் லைனிங் வேறு. ஒன்று கயிறு இழுப்பது, இன்னொன்று உள்துணி வைப்பது. ஆனால் இரண்டுமே அந்த நீலப்பூச் செடியில் போய் முடிகின்றன. தரையில் விரிக்கும் லினோலியமும் அதே குடும்பம்: ஆளி எண்ணெயில் செய்ததால் 1860களில் இங்கிலாந்தில் அதைக் கண்டுபிடித்த ஃபிரெடரிக் வால்டன், லீனும் என்ற செடிப் பெயரையும் எண்ணெய்க்கான லத்தீன் சொல்லையும் சேர்த்துப் பெயர் வைத்தார். தீபாவளிக்கு நாம் வாங்கி விரிக்கும் தீக்கார் இப்போதெல்லாம் பிளாஸ்டிக்தான். அதற்கு முன்னோடி அந்த லினோலியம்.

‘லைன் இல்லை’ என்று கைப்பேசிக்குச் சொல்கிறோம். கம்பியே இல்லாத கருவிக்கு ஏன் லைன்?

முதலில் தந்திக்கும் தொலைபேசிக்கும் கம்பி இருந்தது. கம்பியை ‘லைன்’ என்றார்கள். கம்பி போன பிறகும் சொல் நின்றுவிட்டது. நூலை எடுத்த பிறகு சுண்ணாம்புத் தடம் நின்றதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மலாயைப் பாருங்கள். ‘தாலி’ என்றால் கயிறு. அதிலிருந்து ‘தாலியான்’, தொலைபேசி இணைப்பு. ஆன்லைன் என்பதற்கு மலாயில் ‘டாலாம் தாலியான்’. ஐரோப்பாவில் நூலிலிருந்து தொடங்கி நடந்த அதே வழியில் மலாய்மொழி கயிற்றிலிருந்து தொடங்கி வந்து சேர்ந்திருக்கிறது. நாம் தமிழில் ‘இணையவழி’ என்கிறோம். நமக்கு அது பாதை. மலாய் ‘தாலி’யும் நம் கல்யாணத் தாலியும் ஒன்றா என்று உடனே கேட்பார்கள். ஓசை ஒத்துப்போனால் போதாது என்பதைத்தான் சிங்கத்தில் பார்த்தோம்.

‘எந்த லைன்ல வேலை செய்றீங்க?’ என்பதில் வரும் லைன்?

இதுவும் கயிறுதான், ஆனால் நிலம் அளக்கும் கயிறு. பழைய காலத்தில் நிலத்தைக் கயிறு போட்டு அளந்து, இது உன் பங்கு, இது என் பங்கு என்று பிரித்தார்கள். 1611இல் வந்த ஆங்கில பைபிள் மொழிபெயர்ப்பில் அப்படி ஒருவருக்கு விழுந்த பங்கையே ‘லைன்’ என்று சொல்லும் இடங்கள் உண்டு. பங்கு என்பது மெல்ல மெல்ல ஒருவருடைய துறை, தொழில் என்று ஆனது.

கப்பல் கம்பெனியும் ஒரு லைன்தான். ஒரே வழியில், சொன்ன தேதியில் போய்வரும் கப்பலுக்கு ‘லைனர்’ என்று பெயர். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று 1926இலிருந்து ஓடிய ரஜூலா அப்படிப்பட்ட கப்பல். நம் வீடுகளில் பாதிப் பேருக்கு அந்தப் பெயர் தெரியும். லைன் கப்பலில் வந்து, லயத்தில் இறங்கியவர்கள் நாம்.

‘டெட்லைன்’ என்பதில் சாவு ஏன் வருகிறது?

உண்மையாகவே சாவு இருந்த கோடு அது. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1864இல், ஜார்ஜியா மாநிலத்தில் ஆண்டர்சன்வில் என்ற இடத்தில் போர்க்கைதிகளை அடைத்திருந்தார்கள். வெளி மதிலுக்கு உள்பக்கம் கொஞ்சம் தள்ளி, குச்சிகள் நட்டு மரச்சட்டம் அடித்த ஓர் எல்லை. அதைத் தாண்டினால், கேள்வி கேட்காமல் காவலாளி சுடுவான். அந்த எல்லைக்குத்தான் ‘டெட்லைன்’ என்று பெயர். போர் முடிந்ததும் அந்த முகாமின் அதிகாரி ஹென்றி வர்ஸ் 1865 நவம்பரில் தூக்கிலிடப்பட்டார். அரை நூற்றாண்டு கழித்து அமெரிக்கப் பத்திரிகை அலுவலகங்களில், இந்த நேரத்துக்கு மேல் செய்தி ஏற்கப்படாது என்ற பொருளில் அதே சொல் புழங்கத் தொடங்கியது. பள்ளியில் பிள்ளைகளுக்கு ஒப்படைப்பு கொடுக்கும்போது நான் ‘கடைசி நாள்’ என்றுதான் எழுதினேன்.

‘லைன் அடிக்கிறான்’?

பெண்பிள்ளை பின்னால் சுற்றுவது. பேச்சு வழக்கு, அவ்வளவுதான். அதில் நோண்ட ஒன்றும் இல்லை.

இவ்வளவு தெரிந்த பிறகு, லயம் என்ற சொல்லை விட்டுவிட்டு ‘வரிசை வீடு’ என்று எழுதலாமே?

வேண்டாம் என்பது என் எண்ணம். பட்டணத்தில் டெரஸ் வீடு என்கிறோம். அதுவும் ஒட்டிக்கொண்டு வரிசையாக நிற்கும் வீடுதான், பெயரும் இரவல்தான். அதைச் சொல்லும்போது யாருக்கும் கூச்சம் இல்லை. லயம் என்றால் மட்டும் ஏன் குரல் தாழ்கிறது? அந்தச் சொல்லில் குறை இருந்தால் அது நம்மை அங்கே வைத்தவர்களுடைய குறை.

எங்கள் தோட்டம் கைமாறியபோது லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். முப்பது நாற்பது வருடம் உழைத்தவர்களுக்கு வாயில்லாத ஒரு கடிதம், ஒரு தேதி. இந்த ஊரில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டத்தைத் துண்டு போட்டு விற்பதைத் தடுக்கத் தொழிலாளர்களே தோட்டம் வாங்கலாம் என்று வழி காட்டினார். எல்லாத் தோட்டத்துக்கும் அந்த வழி எட்டவில்லை. எங்களுக்கும் எட்டவில்லை. வீடு போன பிறகு மிஞ்சியிருப்பது பெயர்தான். அதையும் மாற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் தாத்தா பாட்டி இருந்த லயத்தை இடித்துவிட்டார்கள். ஒரு படம்கூட இல்லை. என்ன செய்யலாம்?

ஒரு தாளை எடுங்கள். நீளமாக ஒரு கோடு போடுங்கள். எத்தனை கதவோ அத்தனையாகப் பிரியுங்கள். பிறகு வீட்டில் வயதானவர்களிடம் உட்கார்ந்து, முதல் வீட்டில் யார், அடுத்த வீட்டில் யார் என்று கேட்டு எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் அடையாளம் போதும்: பாக்கியம் பாட்டி என்று எல்லாரும் கூப்பிட்டவர், சைக்கிளில் ஐஸ் விற்றவர், உறுமி அடித்தவர். குழாய் எந்தப் பக்கம், மாரியம்மன் கோயில் எந்தப் பக்கம் என்று குறியுங்கள்.

எங்கள் லயத்துக்குப் பத்துக் கதவு. ஒன்பது வீட்டை நானே எழுதிவிட்டேன். ஏழாவது வீடு மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. கூலிமில் இருக்கும் என் அக்காவுக்கு அழைத்தேன். அன்றைக்கு லைன் சரியில்லை, விட்டு விட்டுக் கேட்டது. கதவுகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஏழு என்றதும், ‘அது முருங்கைமரத்து வீடுடா, உனக்கு அம்மை போட்டிருந்தப்ப வேப்பிலை கொண்டாந்து குடுத்தாங்களே, அவங்க’ என்றார்.

பென்சிலால் எழுதிக்கொண்டேன்.